ஒரு பற்றரி எஞ்சினுக்கு, ஒரு பற்றரி மற்ற எல்லாவற்றுக்கும்: கட்டைபறிச்சான் படகொன்றின் கதை

கடந்த ஆண்டு ஆடி மாதத்தில் ஓரிரவு, கொட்டியாரக் குடாவின் நடுவே, எஞ்சின் வேலை செய்யாத படகொன்றில் ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் மிதந்துகொண்டிருந்தேன். அதற்குக் காரணம் நான்தான்.

இரவு மீன்பிடி பற்றிய காணொளி ஒன்றைத் தயாரிப்பதற்காகக் கட்டைபறிச்சானைச் சேர்ந்த மீனவர் ஒருவருடன் போயிருந்தேன். அவரை இந்தக் கட்டுரையில் அண்ணன் என்றே குறிப்பிடுகிறேன். 23 அடி பைபர் படகு, 40 குதிரை வலு எஞ்சின். படகில் இருந்தது ஒரேயொரு பற்றரி. பழைய வான் ஒன்றிலிருந்து கழற்றியது. எஞ்சினை ஸ்ரார்ட் செய்வதும் அதுதான். லைற், மீன் பார்க்கும் கருவி, படகுக்குள் சேரும் தண்ணீரை இறைக்கும் மோட்டார் எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுப்பதும் அதுதான். நான் அதில் எனது சிறிய இன்வேற்றரையும் கொழுவி, மடிக்கணினி, கமரா, போன் எல்லாவற்றையும் சார்ஜில் போட்டேன். காட்சி இருண்டுவிடும் என்பதற்காக வேலை லைற்றையும் அணைக்க விடவில்லை.

வலையை ஏற்றி முடித்ததும் அண்ணன் சாவியைத் திருப்பினார். ‘டக்’ என்றொரு சத்தம் மட்டும் வந்தது.

“பற்றரி செத்துப்போச்சு தம்பி” என்றார்.

அந்த எஞ்சினைக் கயிறு இழுத்தும் ஸ்ரார்ட் செய்யலாம். ஆனால், அண்ணனால் இழுக்க முடியாது. 2006இல் மூதூர் கிழக்கிலிருந்து வெருகல் ஊடாக வாகரைக்கு இடம்பெயர்ந்தபோது எறிகணைத் துண்டொன்று அவரது வலது தோளைக் கிழித்தது. அந்தக் கை இன்றும் தோள் மட்டத்துக்கு மேல் எழாது. சாவியால் ஸ்ரார்ட் செய்யக்கூடிய எஞ்சினைக் கடன்பட்டு வாங்கிய பிறகுதான் அவரால் மீண்டும் தனியாகத் தொழிலுக்குப் போக முடிந்தது. அன்றிரவு கயிற்றை நான் இழுத்தேன். பழக்கமில்லாத கை. தோல் உரிந்ததுதான் மிச்சம்.

கச்சான் காற்று எங்களை வெளிக்கடலை நோக்கித் தள்ளியது. நங்கூரம் போடலாமே என்று கேட்டேன். கொட்டியாரக் குடாவுக்குள் ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று புகுந்து வருகிறது. கரை கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே ஆழம் நூற்றுக்கணக்கான மீற்றர். எங்களிடமிருந்த கயிறு அடியைத் தொடாது. லைற்றும் மங்கி அணைந்தது. திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கோதுமையும் சீமெந்து மூலப்பொருளும் ஏற்றிவரும் கப்பல்களின் பாதையும் இந்தக் குடா வாயிலில்தான் இருக்கிறது. விளக்கில்லாத படகு கப்பலின் மேல்தளத்தில் நிற்பவருக்குத் தெரியாது.

எனது போன் மட்டும் நூறு வீதம் சார்ஜில் இருந்தது. அதிலிருந்துதான் மூதூர்ப் படகொன்றை அழைத்தோம். அவர்கள் வந்து கயிறு போட்டு இழுத்துச் சென்றார்கள்.

அந்தக் கடனைத் தீர்ப்பதற்காக அடுத்த சில வாரங்கள் நான் படித்ததையும், படகு மின்சாரம் தெரிந்தவர்களிடம் கேட்டதையும், அண்ணனும் நானும் சேர்ந்து செய்துபார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். சிறு படகு வைத்திருக்கும் எவருக்கும் இது உதவலாம். விசேடமாக, யுத்தத்தில் கையிலோ தோளிலோ காயம்பட்டு, கயிறு இழுக்க முடியாமல் கடலுக்குப் போகிறவர்களுக்கு.

இரண்டு வேலைகள், இரண்டு பற்றரிகள்

எஞ்சினை ஸ்ரார்ட் செய்வது ஒரு சில செக்கன் வேலை. அந்தச் சில செக்கனுக்கு 150 அம்பியர் அளவில் பெரிய மின்னோட்டம் வேண்டும். ஆனால் எடுக்கும் மொத்த அளவு மிகக் குறைவு. 150 அம்பியர் மூன்று செக்கன் ஓடினால், 150 × 3 ÷ 3600 = 0.125 அம்பியர்-மணி மட்டுமே. எஞ்சின் ஓடத் தொடங்கி ஓரிரு நிமிடத்தில் அதை நிரப்பிவிடும்.

லைற்றும் கருவிகளும் இதற்கு நேர்மாறு. ஓரிரு அம்பியர்தான், ஆனால் விடியும்வரை ஓடும்.

இந்த இரண்டு வேலைகளுக்கும் பற்றரியின் உட்புறமே வேறுபடுகிறது. வாகனப் பற்றரியில் மெல்லிய ஈயத் தகடுகள் நிறைய இருக்கும். மின்சாரத்தை ஒரேயடியாகக் கொட்டும். ஆனால், அதை அடிக்கடி அடிவரை வடிய விட்டால் தகடுகள் கெட்டு, சில மாதங்களிலேயே பயனற்றுப் போகும். சோலார் வேலைக்கென விற்கப்படும் ஆழ்வடிப்புப் பற்றரியில் தகடுகள் தடிப்பானவை. மெதுவாக, நீண்ட நேரம் கொடுக்கும். அதையும் பாதிக்குக் கீழே இறக்காமல் பாவித்தால் நீடித்து உழைக்கும்.

இதை விளக்கியபோது அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். “ரெண்டு பற்றரி எண்டா, ரெண்டையும் சேர்த்துக் கட்டி ஒரே பெரிய பற்றரியா வைச்சா என்ன?”

பலரும் செய்வது அதைத்தான். பிழையும் அங்கேதான். எப்போதும் சேர்ந்தே இருக்கும் இரண்டு பற்றரிகள் சேர்ந்தே சாகும். லைற் விடியும்வரை எரிந்தால் இரண்டும் வடிந்துவிடும். ஒன்று பழுதானால் மற்றதையும் இழுத்து விழுத்தும். இரண்டு பற்றரி வைப்பதன் நோக்கம் மின்சாரத்தைக் கூட்டுவது அல்ல. கரைக்குத் திரும்புவதற்கான மின்சாரத்தை வேறு எதுவும் தொடாதபடி ஒதுக்கி வைப்பதுதான்.

முதலில் கணக்கு

கடைக்குப் போவதற்கு முன் ஒரு கொப்பியில், படகில் என்னென்ன கருவி, எத்தனை வாற்று, எத்தனை மணித்தியாலம் என்று எழுதினோம்.

வழி விளக்குகள் (எல்ஈடி): 3 வாற்று × 11 மணி = 33
வேலை லைற் (எல்ஈடி): 10 வாற்று × 5 மணி = 50
ஜீபீஎஸ், மீன் பார்க்கும் கருவி: 8 வாற்று × 10 மணி = 80
இரண்டு போன் சார்ஜ்: 30
தண்ணீர் இறைக்கும் மோட்டார்: 30 வாற்று × 20 நிமிடம் = 10

மொத்தம் 203 வாற்று-மணி. பற்றரி 12 வோல்ற். 203ஐ 12ஆல் வகுத்தால் ஏறத்தாழ 17 அம்பியர்-மணி. பாதிக்கு மேல் எடுக்கக்கூடாது என்பதால் இரட்டிப்பாக்கினால் 34. பற்றரி வயதாகும்போது கொள்ளளவு குறையும். அதற்காகக் கால்வாசி கூட்டினால் 42. ஆகவே, 45 அல்லது 50 அம்பியர்-மணிப் பற்றரி போதும்.

பிறகு, அந்த இரவில் நான் எடுத்ததையும் கணக்கிட்டேன். என் சாமான்கள் சுமார் 60 வாற்று, நான்கு மணித்தியாலம். இன்வேற்றரில் வீணாவதையும் சேர்த்தால் 23 அம்பியர்-மணி. படகு முழுவதும் ஓரிரவுக்கு எடுப்பதைவிட நான் ஒருவன் எடுத்தது அதிகம். 60 அம்பியர்-மணி என்று மேலே எழுதியிருந்த அந்த வயதான பற்றரி உண்மையில் 40 கூடத் தாங்கியிருக்காது.

இந்தக் கணக்கில் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். இது வழி விளக்குக்கும் கருவிக்குமான கணக்கு. வெளிச்சம் பாய்ச்சி மீனைத் திரட்டிப் பிடிக்கும் தொழிலுக்கானது அல்ல. அந்தத் தொழில் நமது கரைகளில் எவ்வளவு பிரச்சினையைக் கொண்டுவந்திருக்கிறது என்பது மீனவர்களுக்குத் தெரியும்.

எடுத்ததைத் திரும்ப நிரப்புவது

எஞ்சின் தலைக்குள் காந்தம் சுழல்கிறது, அதன் அருகே கம்பிச் சுருள் இருக்கிறது, அதிலிருந்து மின்சாரம் வருகிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. நான் வன்னியில் வளர்ந்தவன். 1990இல் யுத்தம் மீண்டும் மூண்ட பிறகு பற்றரி தடைப்பொருள் ஆனது. செய்தி நேரத்துக்குச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலி கேட்ட பிள்ளைகள் நாங்கள். சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் நின்றுவிடும். சேமித்து வைக்க ஒன்று இல்லாவிட்டால் மின்சாரம் எப்படி இருக்கும் என்பதை நாங்கள் பாடப்புத்தகத்தில் படிக்கவில்லை.

படகு எஞ்சினில் இரண்டு விடயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, சுருளிலிருந்து வருவது ஆடலோட்டம். அதைப் பற்றரிக்கு ஏற்ற நேரோட்டமாக மாற்றும் பாகம் எஞ்சினில் இருக்க வேண்டும். கயிறு இழுக்கும் எஞ்சின்கள் பலவற்றில் அது இருக்காது. லைற்றுக்கான வயர் மட்டும் வெளியே வந்திருக்கும். அதை நேரடியாகப் பற்றரியில் கொழுவக்கூடாது. இரண்டாவது, மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பாகம். எஞ்சினை வேகமாக ஓடவிட்டு, பற்றரி முனைகளில் மல்ரிமீற்றரை வையுங்கள். 14 முதல் 14.5 வரை காட்டினால் நல்லது. 14.8ஐத் தாண்டினால் பற்றரி கொதித்து நீர் வற்றும். அதைத் திருத்தாமல் புதுப் பற்றரி வாங்குவது காசைக் கடலில் போடுவது போன்றது.

இந்த அளவு எஞ்சின்கள் பல கொடுக்கும் சார்ஜ், முழு வேகத்தில் 6 அம்பியர் அளவுதான். மெதுவாக ஓடினால் இன்னும் குறையும். போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம் என்றால் நிரம்புவது சுமார் 10 அம்பியர்-மணி. ஓரிரவுக்கு எடுப்பது 17, சார்ஜ் செய்யும்போது வீணாவதையும் சேர்த்தால் 20. பாதிதான் திரும்புகிறது. மிச்சத்துக்கு எஞ்சினைச் சும்மா ஓடவிடவும் முடியாது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே நாளில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியதை எந்த மீனவரும் மறக்கமாட்டார்.

அதனால் ஒரு சோலார் பனல் சேர்த்தோம். இரவுத் தொழில் செய்யும் படகு பகல் முழுவதும் வெயிலில் சும்மா கிடக்கிறது. 50 வாற்றுப் பனல், நல்ல வெயிலில் நான்கு மணித்தியாலத்துக்குச் சமமான வெளிச்சம், இழப்புக் கழித்து, ஒரு நாளைக்கு ஏறத்தாழ 11 அம்பியர்-மணி தரும். எஞ்சினின் 10உம் இதுவும் சேர்ந்தால் கணக்குச் சரி. பனலுக்கும் பற்றரிக்கும் இடையில் சார்ஜ் கட்டுப்படுத்தி கட்டாயம் வேண்டும். பனலின் ஒரு மூலையில் வலையோ நிழலோ விழுந்தாலும் மின்சாரம் வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே படகின் பின்பக்கம், வலை வேலைக்கு இடைஞ்சல் இல்லாத குழாய்ச் சட்டமொன்றில் அதைப் பூட்டினோம். ஐப்பசி முதல் தை வரையான மாரியில் வானம் மூடியிருக்கும். அப்போது பற்றரியை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் போட வேண்டும்.

பக்கத்துச் சம்பூரில் ஒருகாலத்தில் அனல்மின் நிலையத்துக்கென்று சனங்களின் காணிகள் குறிக்கப்பட்டன. அந்தத் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி அங்கே 120 மெகாவாற்றுச் சூரிய மின் திட்டம் தொடக்கிவைக்கப்பட்டது. எங்களுடையது 50 வாற்று. ஆனால் சுவிச் அண்ணனின் கையில் இருக்கிறது.

இரண்டையும் எப்படி இணைப்பது?

சார்ஜ் வரும்போது இரண்டும் சேர வேண்டும். வராதபோது பிரிய வேண்டும். இதற்கு வழிகள் சில இருக்கின்றன.

முதலாவது, கையால் திருப்பும் சுவிச். ‘1’, ‘2’, ‘இரண்டும்’, ‘நிறுத்து’ என்று நான்கு நிலை. மலிவு, பழுதாவது குறைவு. ஆனால் மனிதர் மறப்பார். இரவு முழுக்க வலை இழுத்துக் களைத்தவர் ‘இரண்டும்’ நிலையில் விட்டுவிட்டால் எல்லாம் பழைய கதைதான். எஞ்சின் ஓடும்போது தவறி ‘நிறுத்து’ நிலைக்குத் திருப்பினால் எஞ்சினின் சார்ஜ் பாகமே எரிந்துபோகலாம்.

இரண்டாவது, டையோட்டுப் பிரிப்பான். மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் போக விடும். ஆனால் அது சுமார் 0.7 வோல்ற்றைத் தானே விழுங்கிவிடும். 14 வோல்ற் தரும் எஞ்சினில் 0.7 போனால் பற்றரி ஒருநாளும் முழுதாக நிரம்பாது.

மூன்றாவது, மின்னழுத்தத்தைப் பார்த்துத் தானாக வேலை செய்யும் றிலே. எஞ்சின் ஓடி, ஸ்ரார்ட் பற்றரியின் அழுத்தம் 13.3 வோல்ற் அளவைத் தாண்டினால் இரண்டையும் சேர்க்கும். எஞ்சின் நின்று 12.8 அளவுக்கு இறங்கினால் பிரிக்கும். யாரும் ஞாபகம் வைத்திருக்கத் தேவையில்லை. நாங்கள் தேர்ந்தெடுத்தது இதைத்தான். இரு பக்க அழுத்தத்தையும் பார்க்கும் வகையை வாங்கினால், சோலாரால் இரண்டாம் பற்றரி நிரம்பிய பிறகு மிஞ்சுவது ஸ்ரார்ட் பற்றரிக்கும் போகும்.

நான்காவது வழி, இரண்டையும் இணைக்காமலே விடுவது. கையில் காசு குறைவென்றால் இதைச் செய்யுங்கள். இருக்கும் பற்றரியை எஞ்சினுக்கு மட்டும் விட்டுவிட்டு, லைற்றுக்கும் போனுக்கும் வேறொரு சிறு பற்றரி வாங்கி, அதைக் கரையில் சார்ஜ் செய்து கொண்டுபோங்கள். றிலேயும் பனலும் பிறகு வரட்டும். பிரித்து வைப்பதுதான் முதல் பாதுகாப்பு.

ஸ்ரார்ட் பற்றரியே பழுதானால்? அதற்காகத் தடித்த கேபிள் சோடி ஒன்றைக் கவ்விகளுடன் உலர்ந்த பெட்டியில் வைத்திருக்கிறோம். இரண்டாம் பற்றரியிலிருந்து அந்த ஒரு தடவைக்கு மட்டும் வலு எடுத்து ஸ்ரார்ட் செய்யலாம்.

இப்போது கடைகளில் லிதியம் பற்றரிகளும் வருகின்றன. பாரம் குறைவு, ஆழமாக வடித்தாலும் தாங்கும். ஆனால் அவற்றின் சார்ஜ் முறை வேறு. ஈயப் பற்றரியுடன் இந்த றிலேயால் நேரடியாக இணைக்கக்கூடாது. இரண்டுக்கும் இடையில் அதற்கென்றே செய்த சார்ஜர் வேண்டும்.

வயரும் பியூஸும்

படகு மின்சாரத்தில் அதிகம் பழுதாவது வயரும் மூட்டுகளும்தான். 12 வோல்ற்றில் ஒரு வோல்ற் போனாலே பெரிய இழப்பு. ஓர் எளிய கணக்கு இருக்கிறது. அம்பியர் × போய்வரும் நீளம் (மீற்றர்) × 0.0175, அதை வயரின் தடிப்பால் (சதுர மில்லிமீற்றர்) வகுத்தால், வழியில் இழக்கும் வோல்ற் வரும்.

எங்கள் மோட்டார் 3 அம்பியர்வரை எடுக்கும், தூரம் 5 மீற்றர், போய்வர 10. 1 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் இழப்பு 0.5 வோல்ற். 2.5 போட்டால் 0.2 மட்டுமே. ஸ்ரார்ட் கேபிளில் 150 அம்பியர். பற்றரி எஞ்சினிலிருந்து 2 மீற்றர் தள்ளி, 25 சதுர மில்லிமீற்றர் கேபிளுடன் இருந்தால் இழப்பு 0.4 வோல்ற். படகின் பாரத்தைச் சமப்படுத்துகிறேன் என்று அதே கேபிளை நீட்டி 6 மீற்றர் முன்னுக்குக் கொண்டுபோனால் 1.3 வோல்ற் போய்விடும். எஞ்சின் சோர்ந்துதான் சுற்றும். ஆகவே ஸ்ரார்ட் பற்றரி பின்னால், எஞ்சினுக்குக் கிட்ட. பாரத்துக்காக நகர்த்துவதென்றால் இரண்டாம் பற்றரியை நடுவுக்கு நகர்த்துங்கள்.

லொறியில் செய்வதுபோல ‘பொடியில் ஏர்த் பிடிக்க’ பைபர் படகில் முடியாது. ஒவ்வொரு கருவிக்கும் போக ஒரு வயர், வர ஒரு வயர். இரண்டு பற்றரிகளின் மறை முனைகளும் ஓரிடத்தில் சேர வேண்டும். நேர் முனைகளைத்தான் றிலே பிரிக்கிறது.

வீட்டு வயரிங்குக்குப் பாவிக்கும் ஒற்றைக் கம்பி வேண்டாம். எஞ்சின் அதிர்வில் முறிந்துவிடும். பல மெல்லிய இழைகள் கொண்ட வயர், கிடைத்தால் வெள்ளீயம் பூசியது. முறுக்கி ரேப் சுற்றிய மூட்டுக்குள் உப்புத் தண்ணீர் ஊறி, சில வாரங்களில் பச்சையாகப் பூத்துவிடும். சரியான முனை வைத்து அழுத்தி, சூட்டில் சுருங்கும் உறை போட்டு மூடுங்கள். பற்றரி முனைகளில் கிறீஸ் பூசுங்கள்.

பியூஸ் என்பது லைற்றைக் காப்பாற்ற அல்ல, வயரைக் காப்பாற்ற. வயர் உரசி நேரும் மறையும் தொட்டால், பற்றரி தன்னிடமுள்ளதையெல்லாம் அந்த ஒரு வயருக்குள் கொட்டும். வயர் சிவக்கும். பக்கத்தில் பெற்றோலும் மண்ணெண்ணெயும் இருக்கின்றன. அதனால் பியூஸ் கருவிக்குப் பக்கத்தில் அல்ல, பற்றரியின் நேர் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். நாங்கள் இரண்டாம் பற்றரிக்குப் பிரதான பியூஸ் 30 அம்பியர், ஒவ்வொரு 2.5 வயருக்கும் 15 அல்லது அதற்குக் குறைவு என்று போட்டோம். றிலே வழியாகப் போகும் வயருக்கு இரு முனைகளிலும் பியூஸ் வேண்டும். அதன் இரண்டு பக்கத்திலும் பற்றரி இருப்பதால், எந்தப் பக்கத்திலிருந்தும் தீ வரலாம். ஸ்ரார்ட் கேபிளுக்கு வழமையாகப் பியூஸ் போடுவதில்லை. அதனால்தான் அதைக் குட்டையாக, எதிலும் உரசாதபடி உறைக்குள் விட வேண்டும்.

தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கு மட்டும், பிரதான சுவிச்சைத் தாண்டி, நேரே பற்றரியிலிருந்து தனிப் பியூஸ் கொடுத்தோம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாலும், மழையிரவில் படகைக் காப்பது அதுதான்.

பெட்டி

இரண்டு பற்றரிகளையும் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளில் வைத்து, பட்டியால் இறுக்கினோம். 50 அம்பியர்-மணிப் பற்றரி 15 கிலோ அளவில் பாரம். அலையில் அது கவிழ்ந்தால் அமிலம் கொட்டும். ஈயப் பற்றரிக்குள் கடல்நீர் புகுந்தால் குளோரீன் வாயு உண்டாகும். அது நுரையீரலைச் சுட்டுவிடும். சார்ஜ் ஆகும்போது ஐதரசன் வெளியேறும், அது பொறி பட்டால் வெடிக்கும். ஆகவே பெட்டி மேலிருந்து தண்ணீர் புகாததாக, அதேவேளை காற்று வெளியேறும் வழி உள்ளதாக இருக்க வேண்டும். பக்கத்தில் பீடி பற்றவைக்கக்கூடாது. குறையும்போது காய்ச்சி வடித்த நீர்தான், கிணற்று நீர் அல்ல.

மாதமொருமுறை மல்ரிமீற்றரை வையுங்கள். எதுவும் ஓடாமல் சில மணித்தியாலம் ஆறிய பற்றரி 12.7 வோல்ற் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே என்றால் உடனே சார்ஜ் போட வேண்டும்.

பையில் இருந்தவை

சாமான்களைத் திருகோணமலையில் வாங்கி, பஸ்ஸில் கொண்டுவந்தேன். மடியில் இருந்த பையில் வயர்ச் சுருள், றிலே, பியூஸ்கள், சுவிச். காலடியில் பற்றரி. மூதூரிலிருந்து சம்பூருக்குப் போகும் வீதியில் கட்டைபறிச்சானை நெருங்கியபோதுதான் அது எனக்கு உறைத்தது. யுத்த காலத்தில் இரு பகுதியினரின் கட்டுப்பாட்டுப் பிரதேசங்களுக்கு இடையே எல்லையாக இருந்த இடம் இது. இப்படியொரு பையோடு அன்று சோதனைச் சாவடியில் நின்றிருந்தால், ‘படகுக்கு லைற் போட’ என்ற பதிலை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். எஞ்சினின் வலுவுக்கும் கட்டுப்பாடு, இரவுக் கடலுக்கும் கட்டுப்பாடு, கடலுக்குப் போகப் பாஸ் என்று இருந்த காலம். பற்றரியும் வயரும் எங்கள் சனங்களுக்கு வெறும் சாமான்களாக இருக்கவில்லை.

பஸ்ஸில் யாரும் பையைத் திறந்து பார்க்கவில்லை. அண்ணன் பாலத்தடியில் காத்துநின்றார். அவரது இடது கை பற்றரியைத் தூக்கியது.

சோதனை

எல்லாம் பூட்டி முடித்த பிறகு ஒரு சோதனை மிச்சமிருந்தது. அதைக் கரையிலேயே செய்யுங்கள் என்று உங்களுக்கும் சொல்வேன். சோலாரைக் கழற்றிவிட்டு, படகைக் கட்டியபடியே, லைற், கருவி, மோட்டார் எல்லாவற்றையும் போட்டுவிட்டு இரவு முழுக்க விட்டோம். புதுப் பற்றரியை இப்படி ஒருமுறைக்கு மேல் வடிய விடக்கூடாது. ஆனால் ஒருமுறை செய்தாக வேண்டும். அடுத்த நாள் நாங்கள் வந்தபோது கருவி தானாகவே அணைந்திருந்தது. இரண்டாம் பற்றரி 11.8 வோல்ற். ஸ்ரார்ட் பற்றரி 12.7. ஒன்று முழுதாகச் சோர்ந்திருக்க, மற்றது தொடப்படாமல் இருந்தது.

அண்ணன் இடது கையால் சாவியைத் திருப்பினார். எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்தது. சற்று வேகம் கூட்டியதும் றிலேயின் சிறு விளக்கு எரிந்தது. இரண்டும் சேர்ந்துவிட்டன.

அவர் கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

“இனி நீ உன்ட கமராவக் கொண்டு வரலாம் தம்பி. ஆனா வீட்டில சார்ஜ் போட்டுக் கொண்டு வா.”